நீளத்தைச் சொன்னது யார்?

பேட்ச் சிறியது. மூன்று வரி போயிருக்கிறது, ஏழு வரி வந்திருக்கிறது. லினக்ஸ் கெர்னலோடு சேர்த்து எங்கள் குழு பராமரிக்கும் ஒரு டனல் மாட்யூல் அது. வரும் பாக்கெட்டின் வெளி உறையைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஐபி பாக்கெட்டை எடுத்து மேலே அனுப்பும் இடத்தில் மாற்றம். எழுதியவர் குழுவிலேயே இளையவர். உள் ஹெடரைப் படிக்கும் முன் அது முழுதாக வந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இதுவரை இல்லை, அதைச் சேர்த்திருக்கிறேன் என்று விளக்கத்தில் சொல்கிறார். தேவையான சோதனைதான். டெஸ்ட்கள் எல்லாம் பச்சை.

பஃபரைத் தொடும் ஏழு வரிக்கு, திரையின் நிறத்தை மாற்றும் முந்நூறு வரியைவிட அதிக நேரம் ஒதுக்குவது என் வழக்கம். அந்த நேரத்தில் மனம் போன வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

*

வரிகளைப் படிக்கும் முன் பஃபரை மனத்துக்குள் கொண்டுவர வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு பாக்கெட்டையும் எஸ்கே_பஃப் என்ற அமைப்பு சுமக்கிறது. பேச்சில் எஸ்கேபி. அதில் நான்கு பாயிண்டர்கள்: ஹெட், டேட்டா, டெயில், எண்ட். ஹெட்டும் எண்டும் ஒதுக்கப்பட்ட நினைவகத்தின் இரு எல்லைகள். டேட்டாவும் டெயிலும் அந்த எல்லைகளுக்குள் நகர்பவை. இந்தக் கணத்தில், இந்த அடுக்குக்கு, பாக்கெட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவை சொல்லும்.

அனுப்பும் திசையில் முதலில் தரவு உள்ளே வருகிறது. டிசிபி தன் 20 பைட்டை அதற்கு முன்னால் வைக்கிறது. ஐபி இன்னொரு 20 பைட்டை அதற்கும் முன்னால் வைக்கிறது. ஈதர்நெட்டின் 14 பைட் கடைசியாக வந்து முதலில் நிற்கிறது. இத்தனைக்கும் தரவு இருந்த இடத்தைவிட்டு ஒரு பைட்கூட அசைவதில்லை. முன்னால் வெற்றிடம் விட்டே பஃபரை ஒதுக்கியிருப்பதால் டேட்டா பாயிண்டர் மட்டும் பின்வாங்கிக்கொண்டே போகிறது. வரும் திசையில் இதே நடை திரும்புகிறது. ஈதர்நெட் ஹெடரைப் படித்து முடித்ததும் பாயிண்டர் 14 பைட் முன்னேறுகிறது. அந்த ஹெடரை யாரும் அழிப்பதில்லை. அதே பைட்களாக அதே இடத்தில் பாயிண்டருக்குப் பின்னால் இருக்கிறது. வேண்டுமென்றால் திரும்பிப் போய்ப் படிக்கலாம். இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது உண்டான மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

1983இல் வந்த 4.2 பிஎஸ்டியில் எம்பஃப் என்று 128 பைட் கட்டங்களைச் சங்கிலியாகக் கோத்தார்கள். சிறு கருவிகளில் ஓடும் எல்டபிள்யூஐபியில் அது பிபஃப். வடிவம் வேறாக இருந்தாலும் கவலை ஒன்றுதான்: பிரதி எடுக்காமல் பாக்கெட்டை அடுக்கு மாற்றுவது எப்படி?

எஸ்கேபியை ஒதுக்கும் இடத்தில் சில டிரைவர்களில் ஒரு 2 தனியாக நிற்கும். ஈதர்நெட் ஹெடர் 14 பைட் என்பதால் அதன் பின்வரும் ஐபி ஹெடர் நான்கின் மடங்கில் தொடங்காது. முன்னால் 2 பைட் விட்டால் அது 16இல் போய்ச் சரியாக உட்காரும். எக்ஸ்86 இயந்திரத்துக்கு இது தேவையில்லை, அங்கே அந்த மதிப்பு பூஜ்யம். ஆகவே இந்த 2 ஏன் இருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் நீக்கிவிட்டால், அவர் மேசையில் இருக்கும் கணினியில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஒழுங்கு தவறிய முகவரியைத் தாங்காத வேறொரு பிராசசரில், வேறொரு ஊரில்தான் தெரியும். காரணம் எழுதாத சிறிய எண்களிடம் எனக்கு மரியாதை உண்டு.

முன்னால் இடம் இல்லாதபோது ஹெடரைத் தள்ளினால் என்ன ஆகும்? கெர்னல் தானே பேனிக் ஆகி நின்றுவிடும். பின்பக்கம் மீறினாலும் அப்படித்தான். பிறர் நினைவகத்தில் எழுதிவிட்டு ஓடிக்கொண்டிருப்பதைவிட நின்றுபோவது மேல் என்று முடிவெடுத்தவர்கள் எழுதிய கோடு அது.

*

இனி நீளம். பாக்கெட் கோட்டில் எந்த நீளத்தைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: இதைச் சொன்னது யார்?

ஒரே பாக்கெட்டுக்குப் பல நீளங்கள் இருக்கின்றன. நெட்வொர்க் கார்டு தன் டிஸ்கிரிப்டரில் ஒன்று சொல்கிறது. ஐபி ஹெடர் மொத்த நீளம் என்று ஒன்று சொல்கிறது. யூடிபியாக இருந்தால் அதற்குள் இன்னொன்று. கார்டு சொன்னதை நம் வன்பொருள் எண்ணிச் சொன்னது. மற்றவை எங்கோ இருக்கும், நாம் அறியாத ஒருவர் எழுதி அனுப்பியவை.

இவை ஒத்துப்போகாவிட்டால் உடனே சூது என்று நினைக்கவும் கூடாது. ஈதர்நெட் சட்டகம் 64 பைட்டுக்குக் குறையக் கூடாது. கடைசி 4 பைட் சரிபார்ப்புக்குப் போக மீதி 60. தரவே இல்லாத ஒரு டிசிபி ஒப்புகை ஐபியோடு சேர்த்து 40 பைட், ஈதர்நெட் ஹெடரோடு 54. மீதி 6 பைட்டை வெறும் நிரப்பலாகச் சேர்த்துத்தான் அனுப்ப முடியும். வாங்கும் பக்கம் ஹெடரைக் கழித்த பின் கார்டு 46 என்கும், ஐபி 40 என்கும். இரண்டும் உண்மைதான். கெர்னல் ஐபியின் சொல்லை ஏற்று வாலை வெட்டிவிடும்.

அந்த 6 பைட்டிலும் ஒரு கதை இருக்கிறது. நிரப்பும் பைட்கள் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று 1984இல் வந்த ஆர்எஃப்சி 894 சொல்லியிருந்தது. பல டிரைவர்கள் நீளத்தை மட்டும் 60 என்று கார்டுக்குச் சொல்லிவிட்டு, பஃபரில் ஏற்கெனவே கிடந்ததை அப்படியே போகவிட்டன. முந்தைய பாக்கெட்டின் மிச்சமோ கெர்னல் நினைவகத்தின் துணுக்கோ கம்பியில் ஏறி வெளியே போனது. 2003 ஜனவரியில் இது ஈதர்லீக் என்ற பெயரில் வெளிவந்தது. ஒரே பிழையைப் பல டிரைவர்களில், ஒருவரை ஒருவர் அறியாத பலர் செய்திருந்தார்கள். எல்லோரும் நீளத்தைச் சரியாகச் சொன்னார்கள். அந்த நீளத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ஹார்ட்ப்ளீட் இதற்கு நேர் மறுபக்கம். ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பீட் கோரிக்கை என்பது ஒரு பைட் வகை, இரண்டு பைட் நீளம், பிறகு உள்ளடக்கம், அதன்பின் குறைந்தது 16 பைட் நிரப்பல். பதில் தருபவர் உள்ளடக்கத்தை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை பைட்? கோரிக்கையில் எழுதியிருந்த அத்தனை. அத்தனை பைட் உண்மையில் வந்ததா என்று பார்க்கும் வரி இல்லை. ஒரு பைட் அனுப்பிவிட்டு அறுபதாயிரம் என்று எழுதினால், அருகிலிருந்த நினைவகம் அறுபதாயிரம் பைட் அளவுக்குத் திரும்பி வந்தது. 2011 டிசம்பர் 31 அன்று அந்தக் கோடு சேர்ந்தது, 2012 மார்ச்சில் வெளியீட்டில் போனது, 2014 ஏப்ரல் 7 அன்று உலகுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் அது திறந்த மூலமாகவே கிடந்தது. யாரும் படிக்கலாம்.

அந்தக் கோட்டை ஒருவர் எழுதினார், இன்னொருவர் சரிபார்த்தார். இருவரும் கவனமில்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பழைய வடிவத்தையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் திரை, சேர்த்த வரியைப் பச்சையில் காட்டும், நீக்கிய வரியைச் சிவப்பில் காட்டும். எழுதப்படாத வரிக்கு நிறம் கிடையாது. இரண்டே நிபந்தனைகள் அங்கே இருந்திருக்க வேண்டும், திருத்தத்தில் சேர்த்ததும் அவற்றைத்தான். அவற்றைக் காண, திரையில் இருப்பதைப் படித்தால் போதாது. அந்த வேலையைச் செய்ய என்னென்ன வரிகள் வேண்டும் என்று முதலில் தானே யோசித்து வைத்துக்கொண்டு, பிறகு திரையைப் பார்க்க வேண்டும். ரிவியூ செய்பவரின் உழைப்பில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். வெளியே தெரியாத உழைப்பு.

*

பேட்சுக்குத் திரும்புகிறேன். சேர்த்திருக்கும் சோதனை பிஎஸ்கேபி_மே_புல் என்ற ஃபங்ஷனை அழைக்கிறது. உள் ஹெடருக்கு 20 பைட் இருக்கிறதா என்று கேட்கிறது. இல்லையென்றால் பாக்கெட்டைக் கைவிடுகிறது. சரி.

ஆனால் அந்த ஃபங்ஷன் கேள்வி கேட்பதோடு நிற்பதில்லை. எஸ்கேபியின் தரவு எல்லாம் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. முன்பகுதி ஒரு துண்டாகவும், மீதி வேறு பக்கங்களில் சிதறியும் இருக்கலாம். கேட்ட பைட்கள் முன்பகுதியில் இல்லையென்றால் அவற்றைச் சிதறிய இடத்திலிருந்து இழுத்து வந்து சேர்க்கும். சேர்க்க இடம் போதாவிட்டால் புதிய நினைவகம் ஒதுக்கி, பழையதை விட்டுவிடும். அதற்கு முன் எடுத்து வைத்திருந்த ஹெடர் பாயிண்டர் அப்போது யாருக்கும் சொந்தமில்லாத இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஒப்பீட்டுத் திரை வழக்கமாக மாற்றத்துக்கு மேலே மூன்று வரியும் கீழே மூன்று வரியும்தான் காட்டும். அந்த மூன்றுக்கும் மேலே போய்ப் பார்த்தேன். ஐந்தாவது வரியில், ஃபங்ஷனின் தொடக்கத்தில், பாயிண்டர் எடுக்கப்பட்டிருக்கிறது. சோதனைக்குப் பிறகு அதே பாயிண்டர் வழியாகவே ஹெடரின் நீளம் படிக்கப்படுகிறது. சோதனை சேரும் முன் அந்த வரியில் இந்த ஆபத்து இல்லை. ஒரு நல்ல சோதனை வந்ததால், பழைய வரி ஒன்று பொய்யாகிவிட்டது.

குறிப்பு எழுதி அனுப்பினேன். சிறிது நேரத்தில் இருக்கைக்கே வந்துவிட்டார்.

“அக்கா, டெஸ்ட்ல இது வரவே இல்லையே. ஹெடர் எப்பவும் ஒரே துண்டாத்தான வருது?”

“நம்ம கார்டோட டிரைவர் அப்படித் தருது தம்பி. எல்லா டிரைவரும் அப்படித் தரணும்னு விதி இல்லையே.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ துண்டு துண்டா வர்ற மாதிரி ஒரு டெஸ்ட் எழுதணும்” என்றார். நான் சொல்வதற்கு முன்பே சொன்னார். டன்/டாப் இடைமுகத்தில் பாக்கெட்டை அப்படித் துண்டுகளாக உள்ளே செலுத்தும் வசதி இருப்பதைக் காட்டிக்கொடுத்தேன்.

இன்னொன்றும் இருந்தது. ஐபி ஹெடர் 20 பைட் என்பது குறைந்தபட்சம்தான். ஐஎச்எல் என்ற 4 பிட் எண் அதன் உண்மை நீளத்தை நான்கு பைட் அலகில் சொல்லும், ஆகவே 60 பைட் வரை போகலாம். 20 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாக்கெட்டே சொல்லும் 60ஐ நம்பி முன்னே நகர்ந்தால் சோதனை பாதியில் நின்றதாகிவிடும். மொத்த நீளம் 40 என்று வந்து, அதிலிருந்து 60ஐக் கழித்தால், குறியில்லாத 32 பிட் எண்ணில் விடை 4,294,967,276. அந்த எண்ணை நீளமாக எடுத்துக்கொண்டு பிரதியெடுக்கக் கிளம்பும் கோட்டை நினைத்துப் பாருங்கள்.

*

பிழைவழியைப் படிக்கும்போது கேள்வி மாறுகிறது. இந்தப் பஃபர் இப்போது யாருடையது?

நிலம் வாங்கும்போது வக்கீல் கிரயப் பத்திரத்தோடு நிற்பதில்லை. மூலப்பத்திரம் கேட்பார், வில்லங்கச் சான்று கேட்பார், வேறு யாருக்கு இதில் பாத்தியதை உண்டு என்று தேடுவார். எஸ்கேபியையும் அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. டிசிபி ஒரு பாக்கெட்டை அனுப்பும்போது பெரும்பாலும் அதன் க்ளோனைத்தான் கீழே அனுப்புகிறது. எதிர்முனை ஒப்புகை தராவிட்டால் மறுபடி அனுப்ப மூலத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. க்ளோனுக்கு மேலமைப்பு மட்டுமே தனி, உள்ளிருக்கும் பைட்கள் இரண்டுக்கும் பொது. கீழே இருக்கும் டிரைவர் ஹெடரில் ஒரு பைட்டை மாற்றி எழுதினால் மேலே காத்திருக்கும் மூலத்திலும் அது மாறிவிடும். எழுதும் முன் தனிப்பிரதி எடுத்துக்கொள்ளும் ஃபங்ஷன்கள் கெர்னலில் இருக்கின்றன. பேட்ச் அவற்றை அழைக்கிறதா என்று பார்ப்பதும் இல்லாத வரியைத் தேடுவதுதான்.

அனுப்பும் ஃபங்ஷனின் விடையிலும் உரிமை அடங்கியிருக்கிறது. டிரைவர் ‘சரி’ என்று விடை தந்தால் பஃபர் அதனுடையது. அனுப்பினாலும் கைவிட்டாலும் விடுவிக்கும் பொறுப்பு டிரைவருக்கு. ‘இப்போது இடமில்லை’ என்று விடை தந்தால் பஃபர் இன்னும் மேலடுக்குக்குச் சொந்தம், டிரைவர் அதைத் தொடவே கூடாது. விடுவித்துவிட்டு ‘இடமில்லை’ என்றால், மேலடுக்கு செத்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்ப முயலும். விடுவிக்காமல் ‘சரி’ என்றால் நினைவகம் சொட்டுச் சொட்டாகக் கசியும். முதலாவது உடனே தெரிய வாய்ப்புண்டு. இரண்டாவது, எந்த டெஸ்ட்டிலும் தெரியாமல், பல நாள் ஓடிய கணினியில் தெரியும்.

*

ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தும் மொத்தம் தவறாவது உண்டு. 1996இல் பரவிய பிங் ஆஃப் டெத் அப்படி. ஐபி பாக்கெட்டின் மொத்த நீளம் 65,535க்கு மேல் போக முடியாது. ஆனால் துண்டுகளாக அனுப்பும்போது ஒரு துண்டின் தொடக்கம் 65,528 வரை இருக்கலாம். அந்த இடத்தில் தொடங்கும் துண்டில் 7 பைட்டுக்கு மேல் இருந்தால் கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டும். தனித்தனித் துண்டில் விதி மீறல் எதுவும் கண்ணில் படாது. கூட்டிப் பார்க்காத கணினிகள் விழுந்தன.

23 ஆண்டு கழித்து, 2019 ஜூனில், நெட்ஃபிளிக்ஸின் ஜொனாதன் லூனி கண்டெடுத்த சாக் பேனிக்கிலும் அதே வகைக் கணக்கு. ஓர் எஸ்கேபியில் அதிகபட்சம் 17 துண்டு, ஒவ்வொன்றும் 32 கிலோபைட் வரை. மொத்தம் 5,57,056 பைட். எதிர்முனை தன் துண்டளவு மிகச் சிறியது என்று அறிவித்தால், ஒரு டிசிபி துண்டில் தரவுக்கு 8 பைட்தான் மிஞ்சும். வகுத்தால் 69,632. எத்தனை துண்டு என்று எண்ணி வைக்கும் இடமோ 16 பிட், 65,535 வரைதான் தாங்கும். எண் சுற்றிக்கொண்டு திரும்பி வரும், கெர்னல் நின்றுவிடும். 2009இல் வெளியான 2.6.29 முதல் இது உள்ளே இருந்தது.

17, 32, 8, 16 ஆகிய எண்கள் நான்கும் வெவ்வேறு இடங்களில் வாழ்கின்றன. ஒவ்வொன்றையும் தனியே கொண்டுவந்து காட்டினால் நானும் சரி என்றே சொல்வேன். நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பெருக்கி வகுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதை நினைத்து வியக்கிறேன். அன்றிலிருந்து பேட்சில் ஓர் எண் தென்பட்டால், அது எந்த எண்களோடு பெருக்கப்படும் என்று தாளில் எழுதிப் பார்க்கிறேன்.

*

காசான், சிஸ்பாட் போன்ற கருவிகள் பேருதவி. விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் காசான் அந்த இடத்திலேயே பிடித்துக்காட்டும். சிஸ்பாட் ஓயாமல் விபரீத உள்ளீடுகளைச் செலுத்திக்கொண்டிருக்கும். ஆனால் அவை ஓடிய பாதையைப் பற்றித்தான் பேச முடியும். பாக்கெட் துண்டாக வராத டெஸ்ட்டில் எங்கள் பாயிண்டர் பிழை காசானுக்கும் தெரிந்திருக்காது.

*

கெர்னல் உலகில் சரிபார்த்தவர் ‘ரிவியூட்-பை’ என்று தன் பெயரைப் பேட்சின் அடியில் சேர்க்கிறார். அதற்கு என்ன பொருள் என்று கெர்னல் ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். தொழில்நுட்ப ரீதியாகப் பரிசீலித்தேன், கண்ட குறைகளை எழுதியவரிடம் சொன்னேன், பதிலில் திருப்தி, எனக்குத் தெரிந்து இதில் பிழை இல்லை, ஆனால் உத்தரவாதம் தரவில்லை. நேர்மையான வாசகம் அது. பார்த்ததற்கு மட்டும் பெயர் தருகிறார்கள். அந்தப் பெயர் வரலாற்றில் நிலைத்துவிடும். எனவே பார்க்காததற்குத் தரக் கூடாது.

தம்பி அடுத்த வடிவத்தை அனுப்பினார். பாயிண்டர் சோதனைக்குப் பின் எடுக்கப்பட்டிருந்தது. ஐஎச்எல் ஐந்துக்குக் குறையக் கூடாது என்ற வரி வந்திருந்தது. முழு ஹெடருக்கும் இரண்டாவது மே_புல் சோதனை, அதன்பின் மறுபடி பாயிண்டர். பாக்கெட் சொல்லும் மொத்த நீளம் கையில் இருப்பதைவிடப் பெரிதா, ஹெடரைவிடச் சிறிதா என்ற இரு சோதனைகள். துண்டு துண்டாக வரும் டெஸ்ட்டும் கூடவே. பெயரைச் சேர்த்தேன்.

இவற்றை நான் கற்றது கெர்னலின் ஐபி_இன்புட்.சி கோப்பில் பாக்கெட்டை முதலில் வாங்கும் ஃபங்ஷனைப் படித்து. இதே வரிசை அங்கே இருக்கிறது, நிரப்பல் வாலை வெட்டும் இடம்வரை. குழுவை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக வருபவருக்கு அந்த ஃபங்ஷனை முதல் வாரத்திலேயே படிக்கக் கொடுங்கள், ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். பஃபரைத் தொடும் பேட்ச் வந்தால், சரிபார்ப்பவர் ஒரு முழுப் பிற்பகல் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஏழு வரிதானே என்று கேட்காதீர்கள்.